130 பேர் வகுப்பில் ஃபோனை வைத்து என்ன செய்யலாம்? எந்த ஆப் என்பது அப்புறம்

நீங்கள் கேட்டிருப்பது எந்த ஆப் நல்லது என்று. அலைட் கெமிஸ்ட்ரி என்கிற துணைப்பாட வகுப்புக்கு இயற்பியல், தாவரவியல், விலங்கியல் மூன்று துறைப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் அடைத்து 130 பேருக்கு எடுக்கச் சொல்கிறார்கள், எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது, எப்படியும் மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதையே பாடத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரி இருக்கிறது: நாலாவது பெஞ்சுக்குப் பின்னால் யாருக்கு என்ன புரிந்தது என்பது இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் தெரிகிறது என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஆப் பற்றியும் சொல்கிறேன், கொஞ்சம் தள்ளி.

நான் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறவன், 19 வருடமாக. இரண்டு செக்‌ஷனைச் சேர்த்து 120 பேர் வரை ஒரே ஹாலில் பார்த்திருக்கிறேன். வகுப்பு நடுவில் கேள்வி கேட்டு எல்லாரையும் ஒரே நேரத்தில் பதில் காட்ட வைப்பதை 2013 வாக்கில் நிற அட்டையில் தொடங்கினேன், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா சல்லிசான பிறகு ஃபோனுக்கு மாறினேன். ஆக, நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி அடிபட்டுக் கற்றது. சரி-தவறு என்று தெளிவாகப் பிரிகிற பாடத்தில்தான் எனக்குப் பழக்கம். தமிழ் இலக்கியமோ வரலாறோ எடுக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் நான் இதைச் சொல்லவில்லை.

முதலில், ஃபோன் எதற்கு? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் 120 தலையும் ஆடும், அது நம் எல்லாருக்கும் தெரியும். சரி, கை தூக்கச் சொல்வோம். ஏ சொல்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். முதல் அரை விநாடி யாரும் தூக்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் முன் பெஞ்சில் எப்போதும் நல்ல மார்க் வாங்குகிற அந்த இரண்டு பேர் மேல் இருக்கும். அவர்கள் கை அசைந்ததும் அலை மாதிரி பின்னால் வரை எழும்பும். நமக்குக் கிடைப்பது அந்த இரண்டு பேரின் பதில், 120 பிரதியாக. ஃபோன் இங்கே ஒரே ஒரு உதவி செய்கிறது: எல்லாரும் ஒரே நேரத்தில், அடுத்தவர் பதிலைப் பார்க்காமல் பதில் சொல்ல முடிகிறது. தப்பாகச் சொன்னவன் யார் என்பது வகுப்புக்குத் தெரியாது. அவ்வளவுதான். வண்ண வண்ணமாகத் திரையில் ஓடுகிற மற்றதெல்லாம் அலங்காரம்.

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மஸூர். மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியர், கஷ்டமான கணக்கெல்லாம் அவருடைய பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் நியூட்டன் விதிகளின் அடிப்படையை மட்டும் சோதிக்கிற, கணக்கே இல்லாத ஒரு தேர்வை வைத்தபோது ஒரு மாணவி எழுந்து, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். பிறகு 1990-களின் தொடக்கத்தில் அவர் வகுப்பையே மாற்றினார். கொஞ்சம் விளக்கம், பிறகு கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, தனித்தனியாக வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி வாக்கு, கடைசியில்தான் விடை. சரியான பதில் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் விவாதிக்க ஆளே இல்லை, நாம்தான் திரும்ப விளக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் இரண்டு வரி சொல்லிவிட்டு நகரலாம். நடுவில் விழுந்தால் பேச விட வேண்டும். இதை அவர் ஃபோனில் ஆரம்பிக்கவில்லை. முதலில் கை, அட்டை, பிறகு பொத்தானை அழுத்தி வாக்களிக்கிற க்ளிக்கர் என்ற சின்னக் கருவி. அந்தக் கருவியை ஆளுக்கொன்று வாங்கித்தர நம் கல்லூரி எதுவும் சம்மதிக்காது, அதனால்தான் பிள்ளைகளின் சொந்த ஃபோன் நமக்கு வசதியாகிறது.

ஒரு கேள்வி எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறேன். மின்னோட்டம் முடிந்த மறுநாள் நான் வழக்கமாகக் கேட்பது: 230 வோல்ட்டுக்கான ஒரு 40 வாட் குண்டு பல்பும் ஒரு 100 வாட் குண்டு பல்பும் தொடர் இணைப்பில், வீட்டு மின்சாரத்தில். எது அதிகப் பிரகாசமாக எரியும்? ஏ 40, பி 100, சி இரண்டும் சமம், டி இரண்டுமே எரியாது. ஒன்றரை நிமிடம், பேசக்கூடாது. முடிவை அப்போது திரையில் காட்ட மாட்டேன், என் லேப்டாப்பில் மட்டும் பார்த்துக்கொள்வேன். காட்டிவிட்டால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பெரும்பாலும் பாதிக்கு மேல் பி, மூன்றில் ஒரு பங்கு ஏ. "பக்கத்தில் வேற பதில் போட்டவன் யாருன்னு பாத்து அவன்கிட்ட பேசு, மூணு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடுவில் நடப்பேன். அந்த மூன்று நிமிடம்தான் எனக்கு முழு வகுப்பிலும் பிடித்த நேரம். ஒரு பையன், "வாட்ஸ் ஜாஸ்தின்னா வெளிச்சம் ஜாஸ்தி, வீட்ல பாத்ததில்லையா?" என்பான். பக்கத்துப் பையன் ஒரு நிமிடம் திணறுவான், பிறகு, "வீட்ல எல்லாம் பேரலல்டா!" என்று கிட்டத்தட்டக் கத்துவான். நான் பத்து நிமிடம் கரும்பலகையில் எழுதினாலும் அந்த ஒரு வரி வராது. எனக்கு அது தெரிந்த விஷயம், தெரியாதவன் எங்கே முட்டுவான் என்பது எனக்கு மறந்து போய்ப் பல வருடம் ஆகிறது, அவனுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது வாக்கில் ஏ ஏறிவிடும். அப்போது கணக்கு: 40 வாட் பல்பின் மின்தடை 230-இன் வர்க்கத்தை 40-ஆல் வகுத்தால் சுமார் 1,320 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். தொடரில் மின்னோட்டம் ஒன்றே, ஆக அதிக மின்தடை உள்ளதில்தான் அதிகத் திறன் செலவாகும். பிறகு மேஜை மேல் இருக்கிற துணியை எடுத்துவிட்டு சுவிட்சைப் போடுவேன். 40 வாட் எரியும், 100 வாட்டின் கம்பி லேசாகச் சிவந்தால் அதிகம். கடைசி பெஞ்சிலிருந்து விசில் வரும். ஒரு கிளைக்கதை: 100 வாட் குண்டு பல்பு இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. பழைய எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றில் தூசி தட்டி நாலு எடுத்து வந்தேன், இரண்டு மிச்சம் இருக்கிறது. அது ஃபியூஸ் போகும் நாளில் இந்தக் கேள்வியையும் நான் நிறுத்த வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் எல்லா ஆசிரியரும் கேட்பது, நானும் கேட்டது: இரண்டாவது வாக்கில் ஏறுவது புரிந்ததாலா, கெட்டிக்காரன் சொன்னதைக் காப்பியடித்ததாலா? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2009-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒரு கேள்வி, விவாதம், மறுவாக்கு. உடனே, விடையைச் சொல்லாமலே, அதே கருத்தை வேறு உருவத்தில் கேட்கும் இரண்டாவது கேள்வி, அதைத் தனியாக, பேசாமல் செய்ய வேண்டும். அதிலும் மதிப்பெண் ஏறியது. சரியான விடை தெரிந்தவர் ஆரம்பத்தில் ஒருவர்கூட இல்லாத குழுக்களிலும் பேசிப் பேசியே சிலர் விடைக்கு வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். என் வகுப்பில் இதே மாதிரி இரட்டைக் கேள்வியை அவ்வப்போது வைத்துப் பார்ப்பேன். எல்லா முறையும் ஏறுவதில்லை, ஆனால் ஏறாத நாளில் பெரும்பாலும் தப்பு என் கேள்வியில்தான் இருந்திருக்கிறது.

எது எவ்வளவு உறுதி என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைச் சும்மா கேட்க வைப்பதைவிட வேலை செய்ய வைப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2014-ல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் ஃபெயில், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8. அதே ஆய்வில், பலன் அதிகமாக இருந்தது 50 பேருக்கு உட்பட்ட வகுப்புகளில். பெரிய வகுப்பிலும் பலன் உண்டு, ஆனால் குறைவு, அதை மறைக்கக் கூடாது. 2011-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நோபல் வாங்கிய கார்ல் வீமன் குழு, ஒவ்வொன்றிலும் சுமார் 270 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளை எடுத்தது. ஒன்றில் நல்ல பெயர் வாங்கிய, அனுபவசாலிப் பேராசிரியரின் விரிவுரை. மற்றதில் அனுபவம் குறைந்த இளைஞர்கள், க்ளிக்கர் கேள்விகளோடும் குழுப் பேச்சோடும். ஒரே பாடப்பகுதி, ஒரு வாரம். தேர்வில் முதல் பிரிவின் சராசரி 41 சதவீதம், இரண்டாவதன் சராசரி 74. படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரே ஒரு வாரம்தான், புதுசு என்கிற கவர்ச்சியும் அதில் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது.

ஆனால் இவை எதுவும் ஃபோனுக்கான சான்று அல்ல, இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆப் விற்கிறவர்கள் இந்த எண்களைத்தான் காட்டி விற்பார்கள். 2008-ல் நேதனியல் லாஸ்ரி என்பவர் ஒரு பிரிவுக்கு க்ளிக்கரும் இன்னொன்றுக்குக் காகித அட்டையும் கொடுத்து இதே முறையை நடத்தினார். கற்றலில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கருவி ஆசிரியருக்கு எண்ணிக்கையைத் தருகிறது, முடிவைச் சேமித்து வைக்கிறது, அவ்வளவே. நல்ல கேள்வி இல்லாமல் நல்ல ஆப் இருந்து பயனில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இப்போது நடைமுறை. ஆளுக்கொரு ஃபோன் என்று ஆரம்பிக்காதீர்கள், பெஞ்சுக்கு ஒன்று போதும். நான் இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக, ஒரு நாள் பாதிப் பேருக்கு நெட் வரவில்லை என்பதால். மூன்று பேருக்கு ஒரு ஃபோன் என்றதும் எதை அழுத்துவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது, நான் செயற்கையாக உண்டாக்கப் பார்த்த விவாதம் தானாகவே வந்துவிட்டது. இன்னொரு நன்மையும் உண்டு. 130 பேரில் ஏழெட்டுப் பேரிடம் ஃபோன் இருக்காது, அல்லது திரை உடைந்திருக்கும், அல்லது அன்றைய டேட்டா காலியாகியிருக்கும், ஊரில் தம்பியோ தங்கையோ ஆன்லைன் வகுப்புக்கு வாங்கி வைத்திருப்பார்கள். "ஃபோன் இல்லாதவங்க யாரு, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒரு முறை கேட்டேன், இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டு உடனே முடியைச் சரிசெய்வது போலக் கீழே இறக்கினாள். இப்போது பெஞ்சுக்கு ஒன்று என்பதே என் விதி, யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்பதும் இல்லை. தனித்தனி முதல் வாக்கு வேண்டும் என்றால், பதிலை நோட்டில் எழுதி மூடி வைத்துவிட்டுப் பிறகு ஃபோனில் பெஞ்சாக அழுத்தச் சொல்லலாம். முறை கொஞ்சம் நீர்த்துப்போகிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஓடுகிறது.

நெட் விஷயத்தில் கல்லூரி வைஃபையை நம்பி இறங்காதீர்கள். வராந்தாவில் தொங்குகிற ஒரு சாதாரண ரவுட்டரில் 30, 40 ஃபோன் சேர்ந்தாலே திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான் என்பதால் பக்கத்தில் இன்னும் நாலு ரவுட்டர் மாட்டினாலும் பெரிதாகத் தீராது. உங்கள் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டுத் தருகிறேன் என்று இறங்கினால் பத்துப் பேருக்கு மேல் வராது. அவரவர் மொபைல் டேட்டாதான் வழி. ஒரு வாக்கு என்பது மிகச் சின்னப் பக்கம், படமும் வீடியோவும் இல்லாமல் வைத்தால் செலவு ஒன்றுமில்லை. முதல் நாளுக்கு முன்னால் காலி ஹாலில் நாலு மூலையிலும் போய் நின்று, வேறு வேறு சிம் போட்ட இரண்டு மூன்று ஃபோனில் சிக்னல் பாருங்கள். கனத்த சுவர் கொண்ட பழைய கட்டடத்தின் தரைத்தளம் என்றால் ஒரு மூலை நிச்சயம் இறந்து கிடக்கும். அந்த மூலைக்கு அட்டை.

ஆப். கூகுள் ஃபார்ம் இலவசம், எத்தனை பேர் வேண்டுமானாலும் பதில் தரலாம், வரைபடம் உடனே வரும். அசௌகரியம் என்னவென்றால் இரண்டாவது வாக்குக்கு இன்னொரு ஃபார்ம் தயாராக வைத்திருக்க வேண்டும். மென்டிமீட்டர், ஸ்லைடோ இரண்டும் இதற்கென்றே செய்தவை, பார்க்க அழகு, ஆனால் இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு, அதை அவ்வப்போது மாற்றுகிறார்கள், 130 பேருக்கு அது போதுமா என்று அன்றைய தேதியில் பார்த்துக்கொள்ளுங்கள். பெஞ்சுக்கு ஒன்று என்றால் 45 இணைப்புதான் என்பதால் பலதும் வரம்புக்குள் அடங்கும். கஹூட் நார்வேயில் பிறந்தது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் வேகமாக அழுத்தினால் கூடுதல் புள்ளி என்பதால் யோசிக்க வேண்டிய கேள்விக்கு அது எதிரி. யூனிட் முடிந்த நாளில் மறுபார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனே தடை என்கிற கல்லூரியில் பிளிக்கர்ஸ் ஒரு நல்ல தந்திரம். ஒவ்வொருவரிடமும் அச்சிட்ட அட்டை, எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அதுதான் பதில், ஆசிரியர் தன் ஒரே ஃபோன் கேமராவால் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினால் எண்ணிவிடும். பெரிய தொகுப்பிலேயே 63 அட்டைதான், ஆக அங்கேயும் பெஞ்சுக்கு ஒன்று. ஆப் பற்றி இவ்வளவுதான்.

நான் பட்ட அடிகளில் மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, வாக்கை வைத்தே அட்டெண்டன்ஸ் எடுத்துவிடலாமே என்று ஒரு செமஸ்டர் ஆசைப்பட்டேன். ஒரு நாள் ஹாலில் தலையை எண்ணினால் 96, திரையில் பதில் 113. லிங்க் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போய், ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே பதினேழு பேர் மின்னோட்டம் படித்திருக்கிறார்கள். அதிலும் வெளியே இருந்தவர்கள் சரியான விடை போட்டதால் என் சதவீதமே பொய்யாகிவிட்டது. வருகைப்பதிவையும் இதையும் கலக்காதீர்கள், கலந்தால் இரண்டும் கெடும். மார்க்கும் அப்படித்தான். சரியான விடைக்கு இன்டர்னலில் மார்க் என்று அறிவித்த வாரமே பேச்சு நின்றது, எல்லாரும் முன் பெஞ்சைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இதே போக்கை 2006-ல் அமெரிக்காவில் வானியல் வகுப்புகளில் ஒலிப்பதிவு செய்தே காட்டியிருக்கிறார்கள்: மார்க் கனமாக இருந்தபோது குழுவில் ஒருவரே பேச, மற்றவர் தலையாட்டினார்கள். கலந்துகொண்டதற்கு மட்டும் ஏதாவது கொடுக்கலாம், அதுவும் கட்டாயமில்லை.

இரண்டாவது, எழுதிப் பதில் சொல்கிற கேள்வியை நேரடியாகத் திரையில் ஓடவிட்டேன், சொற்கள் மேகம் மாதிரி பெரிதாகும் அந்த வகை. "அலை என்றதும் நினைவுக்கு வரும் சொல்?" என்பது கேள்வி. மூன்றாவது விநாடியில் திரையின் நடுவே, மிகப் பெரிய எழுத்தில், எங்கள் துறைத் தலைவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர். எனக்கும் அது அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு ஏ, பி, சி, டி தவிர எதையும் நான் நேரடியாகக் காட்டுவதில்லை. பெயர், ஃபோன் எண் எதையும் வாங்குவதும் இல்லை. முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கணக்கிடுகிறது. நமக்கு வேண்டியது எத்தனை பேர் பி போட்டார்கள் என்பது, யார் போட்டது என்பது அல்ல.

மூன்றாவது, வாக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒழுங்குக் குழுவைச் சேர்ந்த ஒருவர் பின்கதவு வழியாக வந்து கடைசி மூன்று பெஞ்ச் ஃபோன்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்னுடையது, நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எந்த நாள், எந்த பீரியட், எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வகுப்புக் கதவில் ஒட்டிவிடுங்கள். அவரும் பட்டப்பெயரை மறந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஃபோனை எடுக்கச் சொன்னால் அப்படியே ரீல்ஸ் பார்க்கப் போய்விட மாட்டார்களா என்றால், போவார்கள். 2013-ல் கனடாவில் ஒரு பரிசோதனையில் வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள், அதைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்த அப்பாவிகள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அதனால் என் விதி: வாக்குக்கு ஒன்றரை நிமிடம், முடிந்ததும் "கவுத்து வை" என்பேன், திரை மேஜையைப் பார்க்க வேண்டும். பைக்குள் போடச் சொன்னால் திரும்ப எடுக்க மூன்று நிமிடம் போகும். பெஞ்சுக்கு ஒன்று என்பது இங்கேயும் உதவுகிறது, மூன்று பேர் பார்க்கிற ஃபோனில் யாரும் சொந்தச் செய்தி திறப்பதில்லை. கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும், லேப்டாப்பில் அடித்தால் நிற்காது என்று 2014 ஆய்வு ஒன்றைக் காட்டி நிறையப் பேர் வாதிடுவார்கள். அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை, ஆக அதை வைத்து இரு பக்கமும் சண்டை போட வேண்டாம்.

போர்ஷன் முடியுமா? நேர்மையாகச் சொன்னால், பழைய வேகத்தில் முடியாது. 50 நிமிட பீரியடில் ஒரு கேள்வி ஏழெட்டு நிமிடம் தின்னும். நான் பீரியடுக்கு இரண்டுக்கு மேல் வைப்பதில்லை, வாரத்தில் இரண்டு பீரியட் மட்டும். நேரத்தை எங்கே பிடித்தேன் என்றால், நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை நிறுத்தினேன். வருவித்தல்களை ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு, வகுப்பில் அதன் நடுவில் இருக்கிற ஒரு முக்கியமான படியை மட்டும் எடுக்கிறேன். மஸூர் பிள்ளைகளை முன்கூட்டியே படித்து வரச் சொல்கிறார். என் பிள்ளைகள் படித்து வந்ததில்லை, நானும் கேட்டு ஓய்ந்துவிட்டேன். பல்கலைக்கழகத் தேர்வு மனப்பாடத்தைக் கேட்கும்வரை நம் பிள்ளைகளின் ரிசல்ட்டில் இது எவ்வளவு தெரியும் என்பதிலும் பெரிய ஆசை வைக்காதீர்கள். என்னுடைய பாஸ் சதவீதம் கொஞ்சம் ஏறியது, ஆனால் அதே வருடங்களில் கேள்வித்தாளும் மாறியது, நான் எதன் பலன் என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளும் முதல் மாதம் முனகுவார்கள். "சார் நடத்தவே மாட்டேங்கறார், எங்களையே பேசச் சொல்றார்" என்று ஃபீட்பேக்கில் எனக்கு வந்திருக்கிறது. 2019-ல் ஹார்வர்டிலேயே இதைப் பார்த்தார்கள்: ஈடுபட்டுப் படித்த பிரிவு அதிகம் கற்றது, ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தது. நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லி, ஏன் செய்கிறோம் என்று ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். ஃபீட்பேக் மார்க்கை வைத்து இன்கிரிமென்ட் போடும் நிர்வாகம் என்றால் துறைத் தலைவரிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற பழைய இன்டர்னல் பேப்பர்களில். 40 பேர் ஒரே மாதிரி தப்பு எழுதியிருந்தால் அந்தத் தப்புதான் உங்கள் 'பி'. நீங்களாக உட்கார்ந்து கற்பனை செய்த தவறான விடையை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். சூத்திரத்தில் எண் போட்டால் வருகிற கேள்வி வேண்டாம், அதற்கு விவாதம் வராது, கால்குலேட்டர்தான் வரும். உங்கள் பாடத்துக்கு இரண்டு தருகிறேன், கற்பிக்கும் வேதியியலாளர்கள் காலங்காலமாகக் கேட்டு வருபவை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து எழும் குமிழிக்குள் இருப்பது என்ன: ஏ காற்று, பி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், சி நீராவி, டி ஒன்றுமில்லை. விடை சி, ஆனால் பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவர்களே பி போடுவார்கள். இன்னொன்று, காற்றுப் புகாமல் மூடிய சோதனைக்குழாய்க்குள் இரும்பு ஆணி துருப்பிடிக்கிறது, குழாயோடு சேர்த்து எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா. துருவுக்கு எடை கூடும் என்று படித்தவன் கூடும் என்பான், இரும்பு அரித்துப் போகிறது என்று பார்த்தவன் குறையும் என்பான், மூடிய குழாய் என்ற சொல்லைக் கவனித்தவன் மட்டும் அப்படியே இருக்கும் என்று சரியாகச் சொல்வான். முதல் இரண்டு வாரம் ஃபோனே வேண்டாம், நாலு நிற சார்ட் தாளை வெட்டி பெஞ்சுக்கு ஒரு கட்டுக் கொடுத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிக் குமிழிக் கேள்வியை ஓட்டிப் பாருங்கள். பி-க்கு நீங்கள் கொடுத்த நிறம் ஹாலில் எவ்வளவு தெரிந்தது என்று இங்கேயே வந்து எழுதுங்கள்.